கோவிவன் படுத்திருக்கா, நிக்குதா?

வணக்கம் சார்,

நான் கிருஷ்ணகிரி பக்கத்துல ஒரு அரசுப் பள்ளியில சமூக அறிவியல் டீச்சர். நீங்க செங்கம் பக்கத்து நடுகல்லுங்களை வரைஞ்சு போடற ஸ்கெட்ச் எல்லாத்தையும் ஒண்ணு விடாம பாக்கறேன், பிள்ளைங்களுக்கும் காட்டுவேன். போன மாசம் எடுத்தனூர் கல்லை வச்சு ஒரு படம் போட்டிருந்தீங்க. வீரன் விழுந்து கிடக்கறான், அவன் காலடியில நாயும் செத்துக் கிடக்கு, தூரத்துல எருமைங்க நிக்குது. பாத்ததும் மனசு கனத்துப் போச்சு. ஆனா எட்டாவது படிக்கற ஒரு பொண்ணு படத்தைப் பாத்துட்டு, "மிஸ், நாய் செத்துப்போச்சுன்னு கல்வெட்டுல எங்க இருக்கு?"ன்னு கேட்டுட்டா. நீங்க படத்துக்குக் கீழ எழுதியிருந்த கல்வெட்டு வரியை ரெண்டு தடவை படிச்சுப் பாத்தேன், எங்கயும் இல்ல. வரலாற்றை வரையறப்போ இப்படி சேத்துக்கலாமா சார்? இப்பதான் எல்லார் கையிலயும் நல்ல கேமரா போன் இருக்கே, போட்டோ எடுத்துட்டா இந்தப் பிரச்சினையே வராதே, அப்புறம் எதுக்கு வரையணும்? தப்பா எடுத்துக்காதீங்க, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். இன்னொண்ணு, எங்க ஊர் வேடியப்பன் கோயில்ல இருக்கற கல்லை பிள்ளைங்களை வச்சு வரைய வைக்கலாம்னு ஆசை. என்னென்ன பாத்துக்கணும்னு சொன்னா நல்லாருக்கும்.

(பேர் வேண்டாம்னு கேட்டிருக்காங்க)

வணக்கம் டீச்சர்,

அந்தப் பொண்ணு கேட்டது சரி, நான் வரைஞ்சதுதான் தப்பு. அதை முதல்ல சொல்லிடறேன்.

படத்தைப் பாக்காதவங்களுக்காக அந்தக் கல்லைப் பத்திக் கொஞ்சம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல் அது, முதலாம் மகேந்திரவர்ம பல்லவனோட 34ஆம் ஆட்சியாண்டுல நட்டது, அதாவது 7ஆம் நூற்றாண்டோட முற்பகுதி. பொற்றொக்கையார்ங்கறவரோட இளமகன் கருந்தேவக்கத்தி தன்னோட எருமைங்களை மீக்கப் போய் உயிரை விட்டான்னு வட்டெழுத்துங்கற பழைய தமிழ் எழுத்துல வெட்டியிருக்கு, 'பட்டான்'ங்கறதுதான் அங்க இருக்கற வார்த்தை. அவனுக்குப் பின்னால நாய் நிக்குது, அந்த நாய்க்குன்னு தனியா ஒரு வரி: 'கோவிவன் என்னும் நாய் இரு கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறு'. ரெண்டு திருடனைக் கடிச்சுட்டு காவல் காத்துக்கிட்டு இருந்த விதம் இதுன்னு அர்த்தம்.

நடுகல்னா செத்தவங்களுக்கு வைக்கறது, அதனால நாயும் செத்திருக்கும்னு நான் முடிவு பண்ணிட்டேன். நிறைய பேர் அப்படித்தான் சொல்லவும் செய்யறாங்க, நானும் அதைக் கேட்டுக் கேட்டே பழகிட்டேன். உங்க கடிதம் வந்த அன்னிக்கு ராத்திரி உக்காந்து அந்த வரியை மறுபடி எழுத்தெழுத்தா படிச்சேன் டீச்சர், அப்பதான் ஒரு விஷயம் உறைச்சுது, மனுசனுக்கு 'பட்டான்'னு வெட்டினவங்க நாய்க்கு அந்த வார்த்தையைப் போடவே இல்ல, 'காத்திருந்தவாறு'ன்னு நிறுத்திட்டாங்க. 'வாறு'ன்னு முடியறதைக் கவனிங்க, படத்துக்குப் பக்கத்துல 'இது இப்படி நின்ன காட்சி'ன்னு குறிப்பு எழுதற மாதிரிதானே இருக்கு? வரைஞ்சவனும் வெட்டினவனும் என்ன காட்டணும்னு நெனச்சாங்களோ அதை அவங்களே 1400 வருசம் முன்னாடி எழுதி வச்சுட்டுப் போயிருக்காங்க, நான் அதை நோட்டுல அழகா காப்பி பண்ணிட்டு படத்துல மட்டும் நாயை சாய்ச்சுப் போட்டுட்டேன். அந்த நாய் பின்னாடி செத்திருக்கலாம், பொழச்சிருக்கலாம். கல்லு அதைச் சொல்லல.

மகேந்திரவர்மனுக்கு சித்திரகாரப்புலின்னு ஒரு பட்டப்பேர் உண்டு, ஓவியக்காரங்கள்ல புலின்னு தன்னையே சொல்லிக்கிட்ட ராஜா. அவன் ஆட்சியில, காஞ்சிபுரத்துக்கு எவ்வளவோ தள்ளி, எருமை மேய்க்கற காட்டுல, பேர் தெரியாத ஒருத்தர் ஒரு நாயை நிக்க வச்சு வரைஞ்சு அதுக்குப் பேரையும் எழுதியிருக்காரு. எனக்கு அந்த ராஜாவைவிட இவர்கிட்டதான் கத்துக்க நிறைய இருக்கு.

சரி, சேத்துக்கலாமான்னு கேட்டீங்க. சேக்கலாம், ஆனா எது சேத்ததுன்னு பாக்கறவங்களுக்குத் தெரியணும், நான் கோட்டை விட்டது அங்கதான். நான் ரெண்டு நோட்டு வச்சிருக்கேன். ஒண்ணுல கல்லுல கண்ணுக்குத் தெரியறது மட்டும், கறுப்பு மைல, தேஞ்சுபோய் சரியா தெரியாத இடத்துல புள்ளி புள்ளியா. இன்னொண்ணுல எனக்குத் தோணறது, அது காவிக்கலர் பென்சில்ல. இது நானா வச்சுக்கிட்ட பழக்கம். எடுத்தனூர் படத்துல ரெண்டையும் கலந்து ஒரே மைல போட்டுட்டேன், அதான் உங்க பிள்ளைங்க அதை கல்வெட்டு சொல்றதா எடுத்துக்கிட்டாங்க. இனிமே போடற எல்லாப் படத்துலயும் ரெண்டு கலரும் தனித்தனியா இருக்கும்.

தோணறதுலயும் வித்தியாசம் இருக்குங்க. அகநானூறுல ஒரு பாட்டு, வீரனோட பேரும் பெருமையும் எழுதி வழியெல்லாம் மயில்பீலி சூட்டின நடுகல்லுங்க நிக்கறதை சொல்லுது. அதை நம்பி ஒரு கல்லு உச்சியில நான் பீலி வரைஞ்சா அது காவிக்கலர்தான், ஆனா அதுக்குக் கீழ ஒரு ஆதாரம் இருக்கு. அப்பவும் அந்தப் பாட்டு ஒரு காலம், பல்லவர் கல்லு வேற காலம், ரெண்டுக்கும் நடுவுல சில நூற்றாண்டு இருக்குன்னு ஓரத்துல எழுதிடணும். நாய் செத்ததுக்கு என்கிட்ட அந்த அளவுக்குக்கூட ஒண்ணும் இல்ல.

போட்டோ கேள்விக்கு வர்றேன், இதைப் பத்தி எனக்கு நிறைய பேசணும். செங்கம் பக்கத்துக் கல்லுங்க பெரும்பாலும் ஆழமா செதுக்கினதில்ல, பலகைக் கல்லுல லேசா மேல எழும்பின உருவம், அதுவும் நூத்துக்கணக்கான வருசம் வெயில்லயும் மழையிலயும் நின்னு தேஞ்சது. மத்தியானம் 12 மணிக்குப் போய் நின்னீங்கன்னா வெறும் கல்லு மாதிரிதான் இருக்கும். காலையில 7 மணிக்கு சாய்வா வெயில் அடிக்கறப்போ அந்தப் பக்கத்து விளிம்பெல்லாம் எழுந்து வரும், வில்லு தெரியும். சாயந்திரம் 5 மணிக்கு எதிர்ப்பக்கத்து வெயில்ல காலையில இல்லாத கோடு தெரியும், குறுவாள் புடிச்ச கை தெரியும், கொண்டை தெரியும். ஒரு போட்டோவுல ஒரு வெளிச்சம்தான் வரும். நான் அதே கல்லை மூணு வேளை உக்காந்து வரைஞ்சு, மூணுலயும் தெரிஞ்ச கோட்டை ஒரே தாள்ல கொண்டு வர முடியும், அது ஒரே நேரத்துல எந்தக் கண்ணுக்கும் எந்த கேமராவுக்கும் தெரியாத படம், ஆனா அதுல இருக்கற ஒவ்வொரு கோடும் கல்லுல இருக்கறது. எழுத்தைப் படிக்கறவங்க ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால தட்டித்தட்டி, மை ஒத்தி மைப்படி எடுக்கறாங்களே, அவங்க எழுத்துக்கு எடுத்துக்கற சிரமத்தை நான் உருவத்துக்கு எடுத்துக்கறேன், அவ்வளவுதான்.

போட்டோ வேணாம்னு சொல்லல, நானும் எடுக்கறேன். ஆனா ஒரு கல்லுல வீரன் காலுக்குப் பக்கத்துல இருந்த ஒரு மேட்டை ரொம்ப நாள் கல்லு பொரிஞ்சிருக்குன்னே நெனச்சிருந்தேன், போட்டோவுல அதை எத்தனை தடவை பெருசு பண்ணிப் பாத்திருப்பேன். நாலாவது தடவை வரையறப்போ கை தானா அந்த வளைவோட போயி ஒரு மூக்குல வந்து முடிஞ்சுது, அது கெண்டி, மூக்கு வச்ச சொம்பு. செங்கம் கல்லுங்கள்ல காலடியில கெண்டியும் சிமிழும் காட்டற வழக்கம் உண்டுன்னு படிச்சுதான் இருந்தேன், ஆனா கண்ணு முன்னாடி இருந்ததை கைதான் கண்டுபுடிச்சுது. அன்னிக்கு நான் பட்ட சந்தோசத்தை இப்ப எழுதறப்பவும் படறேன்.

இந்த வட்டாரமே அப்படிப்பட்டதுதான். செங்கம்ங்கறது பழைய செங்கண்மா, மலைபடுகடாம் பாட்டுத்தலைவன் நன்னனோட ஊர், அந்தப் பாட்டுலயே கூத்தருங்க போற வழியில நடுகல்லுங்க வருது. விழுப்புரம் பக்கம் போனா அரசலாபுரத்துல சண்டைக்கோழிக்கு ஒரு கல்லு, முகையூர் மேற்சேரிக்காக ஆடின கோழின்னு எழுதி கோழியையும் செதுக்கியிருக்காங்க. அந்தக் கோழியை வரையறதுக்காகவே ஒரு வாரம் கோழிக்கால் மட்டும் வரைஞ்சு பழகினேன். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில 2006ல கிடைச்ச கல்லுங்களோ அதுக்கு நேர்மாறு, அதுல உருவமே இல்ல, தமிழி, அதாவது தமிழ் பிராமின்னு சொல்ற பழைய எழுத்து மட்டும்தான். அதுல நான் காவிப் பென்சிலைத் தொடவே இல்ல, எழுத்தோட வளைவையும் வெட்டையும் மட்டும் அப்படியே வரைஞ்சு வச்சேன்.

பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறதுக்கு வருவோம். அது உங்களுக்கு நடுகல்லுன்னாலும் ஊருக்கு வேடியப்பன், சாமி. அதனால பூசாரிகிட்டயும் அந்தக் கோயில் குடும்பத்துக்காரங்ககிட்டயும் முன்னாடியே கேட்டுடுங்க, செருப்பு வெளிய. கல்லு மேல எண்ணெய், மஞ்சள், சந்தனம், சில இடத்துல பெயின்ட்டுகூட இருக்கும், அதை சுரண்டவோ கழுவவோ விடாதீங்க, எழுத்து தெரியணும்னு சாக்பீஸ் பொடியோ மாவோ தேய்க்கவே கூடாது. எவ்வளவு தெரியுதோ அவ்வளவு வரையட்டும், சந்தனம் மூடியிருந்தா சந்தனம் மூடியிருக்கறதையே வரையட்டும், அதுவும் அந்தக் கல்லோட வரலாறுதான். உங்க கிளாஸ்ல வேடியப்பன்னு பேர் வச்ச பையன் ஒருத்தனாவது இருப்பான், அவன் வீட்டுப் பெரியவங்க யாரையாவது கூட வரச் சொல்லுங்க, அந்தக் கல்லைப் பத்தி அவங்க வீட்டுல என்ன சொல்றாங்கன்னு பிள்ளைங்க கேட்டு, படத்துக்குப் பின்பக்கம் எழுதட்டும்.

உங்க பக்கத்துக் கல்லுங்க நிறைய பிற்காலத்துது, அடுக்கு அடுக்கா இருக்கும். அப்படி இருந்தா கீழருந்து மேல படிக்கச் சொல்லுங்க: கீழ சண்டை, நடுவுல அவனை தேவலோகப் பொண்ணுங்க கூட்டிட்டுப் போறது, மேல லிங்கத்துக்கு முன்னாடி உக்காந்து கும்பிடறது. ஒவ்வொரு அடுக்கையும் ஒவ்வொரு குழு வரைஞ்சா ஒரு காலையில முடிச்சுடலாம். காலையிலயே போங்க, வெயில் ஏறிட்டா கோடு போயிடும். ரப்பர் கொடுக்காதீங்க, தப்பா போட்ட கோடும் தாள்ல இருக்கட்டும், எங்க கண்ணு ஏமாந்துச்சுன்னு அப்புறம் உக்காந்து பேச அதுதான் உதவும்.

எடுத்தனூர் படத்தை நான் எடுத்துட்டேன். புதுசா ஒண்ணு வரைஞ்சிருக்கேன், இந்தக் கடிதத்தோட சேத்து அனுப்பறேன். அதுல கோவிவன் நிக்குது, கறுப்பு மைல. பின்னால எருமைங்க, அதை எங்க தெருவுல எருமை வச்சிருக்கறவங்க தொழுவத்துல போய் உக்காந்து பாத்து வரைஞ்சது, அதனால காவிக்கலர். நேரம் ராத்திரின்னு வச்சிருக்கேன், கல்லுல அப்படி எதுவும் இல்ல, அதுவும் காவிதான். படத்தை முதல்ல அந்தப் பொண்ணுகிட்ட கொடுங்க, கறுப்பு மைல நான் போட்டிருக்கற எதாவது கல்வெட்டுலயும் கல்லுலயும் இல்லன்னு அவளுக்குப் பட்டா எழுதச் சொல்லுங்க, அதுக்கப்புறம்தான் அதை எல்லாருக்கும் போடப் போறேன்.