ஸ்டாரா, டெல்டாவா?

கேள்வி: எங்கள் பட்டறையின் மும்முனை இணைப்பில் ஃபேஸ்களுக்கு இடையே 400 வோல்ட் கிடைக்கிறது. லேத்துக்காக வாங்கிய பழைய மோட்டாரின் தகட்டில் ‘230/400 வோல்ட், டெல்டா/ஸ்டார், 8.1/4.7 ஆம்பியர், 50 ஹெர்ட்ஸ்’ என்று பொறிக்கப்பட்டுள்ளது. ஏற்கெனவே ஓடும் கம்ப்ரசர் மோட்டார் டெல்டாவில் இருப்பதால் இதையும் அப்படியே இணைக்கலாம் என்கிறார் நண்பர். இணைக்கலாமா?

பதில்: கூடாது, இந்த மோட்டாரை உங்கள் இணைப்பில் ஸ்டாரில்தான் ஓட்ட வேண்டும். இதன் ஒவ்வொரு வைண்டிங்கும் (கம்பிச் சுருளும்) 230 வோல்ட்டுக்காகச் சுற்றப்பட்டது. மூன்று வைண்டிங்குகளையும் முக்கோணமாக இணைக்கும் டெல்டாவில் வைண்டிங்குக்கு ஃபேஸ்களுக்கு இடையிலான மின்னழுத்தம் முழுவதும் வந்துவிடும். மூன்றின் ஒரு முனையையும் ஒரே புள்ளியில் சேர்க்கும் ஸ்டாரில் அதை 1.732-ஆல் வகுத்த அளவே, அதாவது ஏறத்தாழ 231 வோல்ட்டே, வரும். நண்பர் சொன்னபடி செய்தால், இரும்புக் கருவின் காந்தப்புலம் செறிவெல்லையைத் தாண்டி, சுமையே இல்லாதபோதும் மின்னோட்டம் பல மடங்கு ஏறி, வைண்டிங் விரைவிலேயே கருகிவிடும்.

கம்ப்ரசர் மோட்டாரின் தகட்டைப் பாருங்கள். அதில் பெரும்பாலும் ‘400/690’ என்றிருக்கும். அதன் வைண்டிங் 400 வோல்ட்டைத் தாங்குவது என்பதால் அதற்கு டெல்டா பொருந்துகிறது. ஸ்டாரில் கிளப்பி டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைப்பதற்கும் அத்தகைய மோட்டாரே ஏற்றது. அதைத் தவறிப்போய் ஸ்டாரிலேயே விட்டுவிட்டால், வெறுமனே சுற்றும்போது குறையேதும் தெரியாது; ஆனால் முறுக்குவிசை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருப்பதால், சுமை ஏறியதும் வேகம் தளர்ந்து சூடேறத் தொடங்கும். உடனே புகைந்து காட்டிக்கொடுக்கும் தவற்றைவிட, ஓடிக்கொண்டே ஏமாற்றும் இந்தத் தவற்றைக் கண்டுபிடிப்பதுதான் கடினம் என்பேன்.

மின்சாரத்தைத் துண்டித்த பிறகு டெர்மினல் பெட்டியைத் திறந்தால், வழக்கமாக இரண்டு வரிசைகளில் ஆறு முனைகள் இருக்கும். ஒரே வரிசையின் மூன்று முனைகளைத் தகடுகள் இணைத்தால் அது ஸ்டார். மேல் முனை ஒவ்வொன்றும் கீழ் முனையோடு தனித்தனியே இணைந்திருந்தால் அது டெல்டா. மூன்று வயர்கள் மட்டுமே வெளியே வந்தால், இணைப்பு உள்ளேயே முடிக்கப்பட்டுள்ளது என்று பொருள். பழைய மோட்டார் என்பதால், மறுபடி வைண்டிங் செய்யப்பட்டதா என்று விசாரியுங்கள். செய்திருந்தால் தகட்டை மட்டும் நம்பாமல், வைண்டிங் செய்பவரிடம் காட்டிச் சோதித்துக்கொள்வது நல்லது.

லேத் மோட்டாரின் ஓவர்லோடு ரிலேயை (மின்னோட்டம் மிகுந்தால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்புக் கருவியை) 4.7 ஆம்பியருக்கு வையுங்கள். 8.1-க்கு வைத்தால் அது இருந்தும் இல்லாததற்குச் சமம்.

கேள்வி: ஒற்றை ஃபேஸ் 230 வோல்ட் வாங்கி மும்முனையாகத் தரும் வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்ற உதவும் மின்னணுக் கருவி) மூலம் இதே வகை மோட்டாரை ஓட்ட முடியுமா?

பதில்: முடியும், ஆனால் இணைப்பு மாற வேண்டும். அத்தகைய சாதாரண வி.எஃப்.டி. தரும் உச்ச மின்னழுத்தம் ஃபேஸ்களுக்கு இடையே சுமார் 230 வோல்ட்தான் என்பதால், இங்கே டெல்டாவே சரி. மோட்டார் மின்னோட்டமாக 8.1 ஆம்பியரைப் பதிவு செய்யுங்கள். அந்த அளவைத் தொடர்ந்து தரக்கூடிய வி.எஃப்.டி.தானா என்பதை வாங்கும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.