"நம்ம ஊர்ல ஒண்ணுமே நடக்கலையா?" – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். மூன்று வருடமாகத் தினமும் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன்னால், வாசலில் இருக்கும் கரும்பலகையில் 'வரலாற்றில் இன்று' என்று தலைப்பிட்டு ஒரு வரி எழுதி வருகிறேன். திருக்குறளும் செய்தியும் முடிந்ததும் ஒரு பிள்ளை அதை வாசிக்கும். பெரும்பாலும் தலைவர்களின் பிறந்த நாள், நினைவு நாள்தான் வரும்.

போன வாரம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து, "டீச்சர், நம்ம ஊர்ல எந்த நாளும் ஒண்ணுமே நடக்கலையா?" என்று கேட்டான். சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை. "பரீட்சைக்கு வராத தேதியெல்லாம் எதற்கு, பொது அறிவுக் கேள்வி எழுதுங்களேன்" என்று உடன் வேலை பார்ப்பவர்களும் சொல்கிறார்கள். தேதியைப் படிப்பதால் பிள்ளைகளுக்கு வரலாறு வந்துவிடுமா என்று எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது. எழுதுவதை நிறுத்திவிடலாமா?

இப்படிக்கு,
ஒரு ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

நிறுத்தாதீர்கள். அந்தப் பையன் கேட்டது நல்ல கேள்வி. மூன்று வருடம் நீங்கள் எழுதியதை அவன் தினமும் படித்திருக்கிறான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எங்கள் வீட்டில் தினசரி காலண்டரில் தாள் கிழிக்கிற வேலை அப்பாவுடையது. காலையில் பல் விளக்கிவிட்டு வந்ததும் முந்தைய நாள் தாளைக் கிழித்து, அதன் முதுகில் பால் கணக்கு எழுதுவார். ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாவற்றுக்கும் கீழே பொடி எழுத்தில் அன்றைய விசேஷம் இருக்கும். ஜனவரி 30 தாளில் மட்டும் கணக்கு எழுத மாட்டார். மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிடுவார். ஏன் என்று அவர் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதும் இல்லை. ஆனால் ஒரு தேதிக்கு மரியாதை உண்டு என்பதை அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தேதியால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நம் விடுதலைப் போராட்டத்திலேயே பதில் இருக்கிறது. 1919 ஏப்ரல் 6 அன்று, விசாரணையில்லாமல் ஜெயிலில் போட வழி செய்த ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் கடையடைப்பு நடந்தது. ஒரே வாரத்தில், 13ஆம் தேதி, ஜாலியன்வாலா பாக் படுகொலை. அதற்குப் பிறகு வருடாவருடம் ஏப்ரல் 6 முதல் 13 வரை தேசிய வாரமாகக் கொண்டாடினார்கள். 1930இல் காந்தி தண்டிக் கடற்கரையில் உப்பை அள்ளியது அதே ஏப்ரல் 6 அன்று. ராஜாஜி உப்பெடுக்க வேதாரண்யத்துக்குப் போகத் திருச்சியிலிருந்து கிளம்பியது அதே ஏப்ரல் 13 அன்று. கல்யாணத்துக்கு நாள் பார்ப்பது மாதிரி போராட்டத்துக்கு நாள் பார்த்திருக்கிறார்கள். அரசியல் சட்டத்துக்கும் அப்படித்தான். 1949 நவம்பர் 26 அன்றே நிறைவேறிவிட்டது. ஆனாலும் அது முழுதாக நடைமுறைக்கு வர 1950 ஜனவரி 26 வரை காத்திருந்தார்கள். இருபது வருடம் முன்பு, 1930இல், அதே தேதியில் முழு விடுதலைக்கு உறுதிமொழி எடுத்திருந்தார்கள் அல்லவா, அதற்காக. அடுத்த அடியை எந்த நாளில் வைப்பது என்று முடிவு செய்ய அவர்களுக்குப் பழைய நாட்கள் வேண்டியிருந்தன.

சரி, பையனின் கேள்விக்கு வருகிறேன். ஊரைச் சொல்லிவிட்டீர்கள், அதனால் எனக்கு வேலை சுலபம்.

ராஜாஜியும் நூறு தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடந்தார்கள். சுமார் 240 கிலோமீட்டர், பதினைந்து நாள். தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக வந்து, உங்கள் திருத்துறைப்பூண்டியைத் தாண்டித்தான் ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். அப்போது தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் என்ற வெள்ளைக்காரர். நடந்து வருகிறவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ ஆறு மாதம் ஜெயில் என்று அறிவித்துவிட்டார். ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றைப் பொட்டலம் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். யார் கட்டியது என்று கேட்டால் மரத்தைத்தான் கேட்க வேண்டும்.

அந்தப் பொட்டலத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள் டீச்சர். சித்திரை வெயில். சோறு மத்தியானத்துக்குள் ஊசிவிடக் கூடாது, கிளை நடக்கிறவர் கைக்கு எட்ட வேண்டும், நாயும் காக்கையும் தொடக் கூடாது, போலீஸ் கண்ணிலும் படக் கூடாது. இத்தனையையும் யோசித்து விடியும் முன் எழுந்து உலை வைத்த பெண்கள் யார்? ஒரு பெயர்கூட எனக்குத் தெரியாது. பிறந்த நாளும் நினைவு நாளும் குறிக்கிற பட்டியல் எதிலும் அவர்கள் வர முடியாது. வேதாரண்யத்தில் சவரத் தொழிலாளி வைரப்பனைப் பற்றி இன்றும் சொல்கிறார்கள். முகம் மழிக்க உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று பாதியில் தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாராம். அப்புறம் ஏப்ரல் 30, அகஸ்தியம்பள்ளியில் உப்பெடுத்தது, ராஜாஜி கைதானது. புத்தகங்களில் இந்த ஒரு நாள்தான் இருக்கும். உங்கள் பிள்ளைகளுக்குப் பதினைந்து நாளையும் கொடுங்கள். தினமும் ஒரு வரி எழுதுங்கள்: இன்று எங்கே நடந்திருப்பார்கள், இன்னும் எவ்வளவு தூரம் பாக்கி.

பள்ளிக்கூடப் பலகைக்கு ஒரு சிக்கல் உண்டு, நீங்களும் கவனித்திருப்பீர்கள். 1857இல் மீரட்டில் சிப்பாய்கள் எழுந்த மே 10 கோடை விடுமுறையில் போய்விடும். டிசம்பர் 25 அரையாண்டு விடுமுறையில் போய்விடும். 1968இல் அன்று இரவுதான் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளுமாக, ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். உங்கள் பகுதியிலிருந்து எட்டிப் போய்விடக்கூடிய தூரம். சின்னப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள், தயக்கம் நியாயம்தான். ஆனால் அவர்களில் பலரின் தாத்தா பாட்டி அதே வயல்களில் வேலை செய்தவர்கள். விடுமுறை விடுகிற கடைசி நாளில், விவரிக்காமல், ஊர் பெயரும் 44 என்ற எண்ணும் கேட்டது என்ன என்பதும் மட்டும் எழுதுங்கள். மீதியை வீட்டில் கேட்டுக்கொள்வார்கள்.

தேதியே இல்லாதவையும் இருக்கின்றன. தாது வருஷப் பஞ்சம் எந்தத் தேதியில் வந்தது? 1876இல் மழை பொய்த்தது, 1878 வரை லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்காம் கால்வாய்ப் பகுதியைப் பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவர்கள்தான் வெட்டினார்கள். பசி ஒரு நாளில் நடப்பதில்லை, அதனால் நாட்காட்டியில் அதற்கு இடமில்லை. மாதத்தில் ஒரு நாள் 'தேதி இல்லாதது' என்று தலைப்புப் போட்டு இப்படி ஒன்றை எழுதலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே பலகையில் ஏற்றிவிடாதீர்கள். பகத் சிங்கைத் தூக்கிலிட்ட நாள் பிப்ரவரி 14 என்று வருடம் தவறாமல் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு. அவரையும் ராஜகுருவையும் சுகதேவையும் தூக்கிலிட்டது 1931 மார்ச் 23, சாயங்காலம். மறுநாள் காலைக்கு என்று குறித்திருந்ததை, ஜனங்கள் திரண்டுவிடுவார்கள் என்று முந்தைய நாளே லாகூர் சிறையில் முடித்துவிட்டார்கள். அந்த அவசரத்தில் இருக்கிற பயம்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது. தேதி தவறினால் அதுவும் போய்விடும்.

ஆகஸ்ட் 15 கொடியேற்றமும் மிட்டாயும் முடிந்த பிறகு, 18ஆம் தேதி வேலை நாளாக இருந்தால் வங்காளத்தின் நதியா மாவட்டத்தைப் பற்றி எழுதுங்கள். 1947இல் எல்லைக்கோடு வெளியானதே ஆகஸ்ட் 17 அன்றுதான். அதுவரை அங்கே பல ஊர்கள் பாகிஸ்தான் பக்கம் போய்விட்டதாக நினைத்துத் தவித்துக் கிடந்தன. சிவநிவாஸ் மாதிரி ஊர்களில் ஆகஸ்ட் 18 அன்றும் கொடி ஏற்றுகிறார்கள். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் பக்கத்தில் புதுச்சேரி இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவோடு சேர்வதா என்று 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 நிர்வாகம் கைமாறியது, சட்டப்படி முழுதாகச் சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்று. ஒரே நாடு, எத்தனை விடுதலை நாட்கள்! அந்த எட்டுப் பேர் ஏன் வேண்டாம் என்றிருப்பார்கள் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பரீட்சைக்கு வராது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் வீண் போகாது.

கடைசியாக அந்தப் பையன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தபோது அவனுக்கு ஐந்து வயது இருந்திருக்கும். ஓடு பறந்தது, தென்னை சாய்ந்தது, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தது எல்லாம் மங்கலாகவாவது நினைவில் இருக்கும். மீதிக்கு அவன் அம்மா இருக்கிறார். அவர் சொல்லி முடித்தால் அவன் பாட்டி ஐம்பத்திரண்டாம் வருடத்துப் புயலைப் பற்றி அவருடைய பெரியவர்கள் சொன்னதைச் சொல்வார். வருகிற நவம்பர் 16க்கு ஒரு வாரம் முன்னாலேயே அவனிடம் சொல்லிவையுங்கள். யார் வீட்டில் எத்தனை மரம் விழுந்தது, அன்று ராத்திரி எந்தக் கட்டடத்தில் படுத்தார்கள், முதலில் சோறு கொண்டுவந்தது யார் என்று அவனே தெருவில் கேட்டு வரட்டும். வாசல் பலகையில் அன்றைய வரியை அவனே எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தால் சாயங்காலம் திருத்திக்கொள்ளலாம்.

முடிந்தால் அந்தப் பலகையை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.