ஸ்பாரிங் அதிகம் உள்ள இடம் தேடுபவருக்கு

மூன்று வருடக் கராத்தே, ஆனால் மாதத்துக்கு ஒரு தடவைதான் ஸ்பாரிங் (ஜோடியாக நின்று நிஜமாக மோதிப் பழகுவது); தண்டையார்பேட்டைப் பக்கம் எங்கே மாறலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சார்பட்டா, இடியாப்பம் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகள் மோதிய ஊரில் இருந்துகொண்டு இந்தக் கவலையா! ராயபுரம், வியாசர்பாடிப் பக்கம் பாக்ஸிங் பயிற்சி இடங்களை முதலில் பாருங்கள். உதைக்கவும் வேண்டுமென்றால் கிக்பாக்ஸிங் அல்லது தாய்லாந்தின் முய் தாய். கியோகுஷின் கராத்தேயில் அடி பலமாக விழும், ஆனால் முகத்தில் குத்தக் கூடாது. அதனால் முகத்தைக் காக்க வேண்டிய கை தானாகத் தாழ்ந்துவிடும்.

பணம் கட்டும் முன் ஸ்பாரிங் நாளில் போய் ஓரமாக உட்காருங்கள். நான் முதலில் சேர்ந்த இடத்தில் கிளவுஸ் ஆணியில் தொங்கும், எடுத்தால் தூசி பறக்கும். அடுத்த இடத்தில் முதல் நாளே என்னைவிட 20 கிலோ கூடுதலான ஆளோடு மோதவிட்டார்கள். ஒரு வாரம் கஞ்சிதான். ஆகவே ஜோடி சேர்ப்பது யார், புதுசாக வந்தவரிடம் பழைய ஆள் அடியைக் குறைக்கிறாரா என்று கவனியுங்கள். 16 அவுன்ஸ் கிளவுஸும் பல்லுக்கு கார்டும் கட்டாயமா என்றும் கேளுங்கள்.

அப்புறம், பாயிண்ட் கராத்தேயில் ஒரு அடி பட்டதும் நடுவர் நிறுத்துவாரே, அந்தப் பழக்கம் உங்களுக்கு இருக்கும். குத்திவிட்டு நிற்பீர்கள், எதிராளி நிற்க மாட்டார்.