கறிவேப்பிலைச் செடியில் கணக்கு: பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

பெங்களூரு அல்சூரில் தமிழ்க் குழந்தைகளுக்குப் பூச்சிகளைக் கொண்டு கணக்குச் சொல்லித்தர நான் நடத்தும் மாலை வகுப்பைப் பற்றிப் பெற்றோர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐந்து வயது மகளுக்கு எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தொட்டியில் கறிவேப்பிலைச் செடி இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். அதன் தளிரில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சிகள் நம் ஊரில் உண்டு. குண்டூசித் தலையளவு உருண்டை முட்டையைக் கண்ட அன்றே நாட்காட்டியில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பறவை எச்சம் போன்ற புழு வளர்ந்து பச்சை நிறமாகும்வரை, அதைத் தொடாமல் அருகே நூலைப் பிடித்து, அதன் நீளத்துக்கு வெட்டி, நாள்தோறும் தாளில் வரிசையாக ஒட்டிவந்தால், குழந்தை தன் கையாலேயே ஒரு வரைபடம் செய்துவிடும். அளக்கும் முன் 'இன்று எவ்வளவு இருக்கும்?' என்று ஊகிக்கச் சொல்லுங்கள். எண்ணுவதைவிட இந்த ஊகத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி: பூச்சிக்கு ஆறு கால் என்று வகுப்பில் சொன்னீர்கள். என் மகன் புழுவுக்குப் பதினாறு எண்ணினான்.

பதில்: சரியாகவே எண்ணியிருக்கிறான்; பாராட்டுங்கள். தலையை அடுத்த மூன்று இணைகளே உண்மையான கால்கள். பின்னால் இலையைப் பற்றியிருக்கும் ஐந்து இணைகள் சதைப்பற்றான பொய்க்கால்கள். வண்ணத்துப்பூச்சியானதும் அவை இரா. பதினாறிலிருந்து பத்தைக் கழிக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

கேள்வி: பிடித்துப் பாட்டிலில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். இருந்த இடத்திலேயே பார்க்கட்டும்.

கேள்வி: எட்டுக்கால் பூச்சியும் பூச்சிதானே? (நால்வர் கேட்டிருக்கிறார்கள்.)

பதில்: அறிவியல் வகைப்பாட்டில் அன்று. பூச்சிக்கு உடல் மூன்று பகுதி, கால் ஆறு. சிலந்திக்கு உடல் இரண்டு பகுதி, கால் எட்டு. மூன்று எறும்புக்குப் பதினெட்டு, மூன்று சிலந்திக்கு இருபத்து நான்கு என்று வாய்ப்பாட்டை இங்கேயே தொடங்கலாம்.

கேள்வி: அப்படியானால் நம் தமிழ்ப் பெயர் தவறா?

பதில்: இல்லவே இல்லை. சிற்றுயிர் பலவற்றையும் பூச்சி என்பது நம் வழக்கு. அது வகைப்பாட்டுக்கு முந்தியது. காலை எண்ணிப் பெயர் வைத்த மொழி இது: வண்டுக்கு 'அறுபதம்' என்றொரு பெயருண்டு, ஆறு கால் என்பதே பொருள். எட்டுக்கால் பூச்சி, சிலந்தி என்ற இரு பெயர்களையும் சொல்லிக்கொடுங்கள், குழந்தை குழம்பாது.

கேள்வி: நாங்கள் தீப்பெட்டியில் பொன்வண்டு வளர்த்தோமே?

பதில்: நானும் வளர்த்தேன், அது செத்துக் கிடந்ததையும் பார்த்தேன். பிடிக்க வேண்டாம் என்று மீண்டும் சொல்கிறேன்.

கேள்வி: அலமாரியில் கரப்பான் தொல்லை...

பதில்: பூச்சிமருந்து அடிப்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கிறது. அதன் அறைகளின் அறுகோணத்தைக் காட்டலாமா?

பதில்: அருகே அழைத்துச் செல்லாதீர்கள், கலைந்தால் கூட்டமாகக் கொட்டும். வீட்டுக்குள் ஒரு ரூபாய் நாணயத்தைச் சுற்றி அதே அளவு நாணயங்களை ஒட்டி அடுக்கச் சொல்லுங்கள். ஆறு பொருந்தும், ஏழாவதற்கு இடமிருக்காது; அந்த ஆறின் நடுப்புள்ளிகளை இணைத்தால் அறுகோணம் வரும். அதைக் குழந்தையே முயன்று பார்க்கட்டும்.