தோடு காதோடு நிற்காதபோது: பியர்சிங் கேள்வி பதில்

பதினோரு வருஷமாக ஊசியும் கையுமாக இருக்கிறேன். தொப்புள், முலைக்காம்பு, பிறப்புறுப்பு என்று உடைக்குள் மறையும் இடங்களில் குத்திக்கொண்டவர்களும் குத்தலாமா என்று யோசிப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. பெயர் வேண்டாம் என்று எல்லாருமே கேட்டிருந்தார்கள், போடவில்லை. ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 18 வயது ஆகாதவர்களுக்கு இந்த இடங்களில் நான் குத்துவதில்லை. பிரிட்டனில் உள்ள வேல்ஸில் 2018 பிப்ரவரியிலிருந்து முலைக்காம்புக்கும் பிறப்புறுப்புக்கும் இப்படிச் சட்டமே இருக்கிறது. நாக்கைக்கூட அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

அக்கா, எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஆசாரிதான் 22 காரட் கம்பியில் காது குத்தினார். முலைக்காம்புக்கும் அதே தங்கம் போடலாமா?

வேண்டாம்மா. காது மடல் ஆறேழு வாரத்தில் ஆறிவிடும். பாம்படம் போட்டுத் தோள் வரை தொங்கவிட்ட பாட்டிகளை நினைத்துப் பாருங்கள், அந்தச் சதை அவ்வளவு பொறுமைசாலி. முலைக்காம்பு ஆற ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை ஆகும். 22 காரட் மென்மையானது, சீக்கிரம் கீறல் விழும். பச்சைப் புண்ணுக்குள் கீறல் விழுந்த கம்பி இருந்தால் உராய்ந்துகொண்டே இருக்கும், அழுக்கும் சேரும். முதலில் உடலுக்குள் வைக்கும் தரத்து டைட்டானியம் போடுங்கள். கடையில் 'ஏ.எஸ்.டி.எம். எஃப் 136' என்று கேளுங்கள், அந்த டைட்டானியத்துக்கான தரக் குறியீடு அது. விழித்தால் வேறு கடை பாருங்கள். 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள், எல்லா ஸ்டீலும் ஒரே தரம் இல்லை. கவரிங் தோடு போட்டால் காது அரிக்கிறதே, பெரும்பாலும் அதற்குக் காரணமான நிக்கல் அதிலும் உண்டு.

மாலில் கன் வைத்து இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்களே?

கன் என்பது ஸ்பிரிங் விசையில் மொட்டையான ஸ்டட்டைச் சதைக்குள் தள்ளும் கருவி. ஊசி வெட்டி வழி செய்யும், கன் நசுக்கி வழி செய்யும். பெரும்பாலான கன்களை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லும் கருவி) வைத்துக் கிருமி நீக்கவும் முடியாது. ரத்தம் வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். அதனால் ஊசிப் பாக்கெட்டை உங்கள் கண் முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். அதில் ஒரு சின்னப் பட்டை இருக்கும், ஆட்டோகிளேவுக்குள் போய் வந்தால் நிறம் மாறியிருக்கும். குத்துவதற்கு முன்பே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுவிடுங்கள், டெட்டனஸையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொப்புள் குத்தி மூன்று வாரம். வெள்ளையாகக் கசிந்து பொருக்கு கட்டுகிறது. அம்மா மஞ்சள் வைக்கச் சொல்கிறார்.

அந்தக் கசிவு இயல்புதான், பயப்படாதீர்கள். மஞ்சள், டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். மருந்துக் கடையில் 0.9 சதவீத நார்மல் சலைன் (சுத்தமான உப்புநீர்) கிடைக்கும். பஞ்சு இழை விடும், அதனால் காஸ் துணியை நனைத்துப் பொருக்கு ஊறும்வரை வைத்து எடுங்கள். திறந்த பாட்டிலை வாரக்கணக்கில் வைத்துக்கொள்ளாதீர்கள். கம்பியைச் சுழற்றாதீர்கள். கொஞ்ச நாளைக்குப் புடவை, ஜீன்ஸ் எதையும் தொப்புளுக்கு மேல் இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

முலைக்காம்பு வீங்கி, சூடாக, பச்சையாகச் சீழ் வருகிறது. கழற்றிவிடவா?

நீங்களாகக் கழற்றாதீர்கள்! துளை மேலே மூடிக்கொள்ளும், சீழ் உள்ளே மாட்டிக் கட்டியாகும். கம்பியோடு இன்றே டாக்டரிடம் போங்கள், கழற்றுவதா என்று அவர் முடிவு செய்யட்டும். காய்ச்சலோ குளிரோ இருந்தால் நேராக அவசரப் பிரிவு. என்னிடம் குத்திக்கொண்ட ஒரு பெண் டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டு ஒன்பது நாள் வீட்டிலேயே இருந்தாள். கடைசியில் கத்தி வைத்துத்தான் சீழை எடுத்தார்கள். ஆறாம் நாள் எனக்கு போன் செய்தபோது அவள் 'லேசா வலிக்குது' என்றுதான் சொன்னாள். போட்டோ அனுப்பச் சொல்லாமல் விட்டது என் தப்பு. இப்போதெல்லாம் கேட்டுவிடுகிறேன்.

கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பின்னால் தாய்ப்பால் கொடுக்க முடியுமா?

பெரும்பாலானவர்களால் முடிகிறது. சிலருக்குத் தழும்பு பால் வரும் வழியை அடைக்கலாம், சிலருக்குத் துளை வழியாகவும் பால் ஒழுகும். பால் கொடுக்கும் காலம் முழுக்கக் கம்பி வேண்டாம். உருண்டை கழன்று குழந்தை தொண்டையில் சிக்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் புதிதாகக் குத்தவே கூடாது.

ஆணுறுப்பில் வளையம் போட நினைக்கிறேன் அண்ணா. தாம்பத்தியத்துக்கு இடைஞ்சலா?

(அண்ணா இல்லை, அக்கா. பரவாயில்லை.) அந்த இடத்தில் ரத்த ஓட்டம் அதிகம், அதனால் பல துளைகள் சீக்கிரம் ஆறும். முதல் சில நாள் ரத்தம் வரத்தான் செய்யும். சர்க்கரை நோயோ, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோ இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். முழுசாக ஆறும்வரை உறவு வேண்டாம், திறந்த புண் இருவருக்குமே ஆபத்து. ஆறிய பிறகும் உருண்டை உரசி ஆணுறை கிழியலாம், கவனம். சிறுநீர்த் துவாரம் வழியாகப் போகும் வளையம் என்றால் சிறுநீர் நேராகப் போகாது, உட்கார்ந்து போகப் பழகிக்கொள்ளுங்கள்.

எம்.ஆர்.ஐ. எடுக்கவும் ரத்த தானம் செய்யவும் தடை உண்டா?

ஸ்கேனுக்கு முன் கழற்றச் சொல்வார்கள். மறைவான இடம் என்று சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். ரத்த தானத்துக்கு இந்தியாவில் 12 மாதம் காத்திருக்க வேண்டும்.

காது குத்தியபோது எனக்குத் தழும்பு உருண்டையாக வளர்ந்தது. தொப்புளில் குத்தலாமா?

அது கெலாய்டு, அதாவது காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் தழும்பு மாதிரி இருக்கிறது. உங்களுக்கு நான் குத்த மாட்டேன்.