அவுட்டர் பேங்க்ஸில் மூன்று நாள்: பட்டியலைக் கிழியுங்கள், காற்றைப் பாருங்கள்

கேள்வி: வட கரோலினாவில், கேரியில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. பையனுக்கு 11 வயது, பெண்ணுக்கு 7. ஜூலையில் மூன்று நாள் அவுட்டர் பேங்க்ஸ் தீவுகளுக்குப் போகிறோம், தங்குவது நாக்ஸ் ஹெட்டில். கொரோலாவின் காட்டுக் குதிரைகள், கலங்கரை விளக்கம், ஒக்ரகோக் தீவு என்று பெரிய பட்டியல் வைத்திருக்கிறோம். சின்னவளுக்குக் குதிரைதான் முக்கியம். எல்லாவற்றையும் பார்க்க முடியுமா? கடலில் இறங்கலாமா?

பதில்: முடியாது. கொரோலா வடக்கே ஒரு மணி நேரம். ஒக்ரகோக் போக வேண்டுமானால் தெற்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டி, அதற்கப்புறம் ஃபெர்ரி ஏற வேண்டும். இரண்டையும் வைத்துக்கொண்டால் மூன்று நாளில் இரண்டு நாள் காரிலேயே போய்விடும். ஒன்றை விடுங்கள். உங்கள் குடும்பத்துக்கு நான் கொரோலாவைத்தான் விடச் சொல்வேன்.

கொரோலாவுக்கு வடக்கே தார்ச்சாலை முடிந்துவிடும். அந்தக் குதிரைகள் இருப்பது அதற்கு அப்பால். கடற்கரை மணலில் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில்தான் போக முடியும். சொந்த வண்டி இல்லையென்றால் திறந்த டிரக்கில் சுற்றுலா கூட்டிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். மணலில் அது தூக்கித் தூக்கிப் போடும், முழங்கால் வலிக்காரருக்கு ஆகாது. போனாலும் குதிரையிடமிருந்து 50 அடி தள்ளித்தான் நிற்க வேண்டும். ஆப்பிளோ கேரட்டோ கொடுப்பது சட்டப்படி குற்றம், அந்தக் குதிரைகளின் வயிற்றுக்கும் ஆபத்து.

சின்னவளை ஏமாற்ற வேண்டாம். ஒக்ரகோக்கிலும் குதிரை உண்டு. ஃபெர்ரியிலிருந்து ஊருக்குப் போகிற சாலையோரம், 1950களின் கடைசியிலிருந்து வேலிக்குள் வைத்துப் பராமரிக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. பார்ப்பதற்கு மேடை போட்டிருக்கிறார்கள், கட்டணம் இல்லை. காரை நிறுத்தினால் அம்மா பத்தடி நடந்தால் போதும்.

இனி முக்கியமான விஷயம். அவுட்டர் பேங்க்ஸ் முழுக்கத் தடுப்புத் தீவுகள். பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா கிடக்கிறதே, அதே மாதிரி அமைப்பு. கிழக்கே அட்லாண்டிக், மேற்கே சவுண்ட் என்று அழைக்கும் காயல், நடுவில் ஒரு கீற்று மணல். பல இடங்களில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்தே போய்விடலாம். வருகிறவர்கள் பெரும்பாலும் கடல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஏழு வயதுக் குழந்தையும் முழங்கால் வலியும் உள்ள குடும்பத்துக்குக் காயல் பக்கம்தான் சொர்க்கம். அலை இல்லை, வெகுதூரம் வரை தண்ணீர் முழங்காலைத் தாண்டாது, வெதுவெதுப்பாக இருக்கும். நாக்ஸ் ஹெட்டில் ஜாக்கிஸ் ரிட்ஜ் பூங்காவுக்கே சவுண்ட் பக்கம் ஒரு சின்னக் கடற்கரை உண்டு. வண்டி நிறுத்த இடம் குறைவு, காலையிலேயே போய்விடுங்கள். அம்மாவுக்கு மடக்கு நாற்காலியைத் தண்ணீருக்குள்ளேயே போட்டுவிடலாம்.

கடல் பக்கம் வேறு கதை. இங்கே உயிரை வாங்குவது பெரும்பாலும் ரிப் கரண்ட். கரையில் மோதிய தண்ணீர் மணல் திட்டுகளுக்கு நடுவே உள்ள பள்ளம் வழியாக வேகமாகத் திரும்பி ஓடும். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடம்தான் பல சமயம் அந்தப் பள்ளம். 'இங்கே அலையே இல்லை, பிள்ளைகளை இங்கே விடலாம்' என்று நம் ஆட்கள் தேர்ந்தெடுப்பதும் அதே இடத்தைத்தான்! மாட்டிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடக் கூடாது. மிதந்தபடி கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்டதும் திரும்ப வேண்டும். தேசிய வானிலைச் சேவை தினமும் கடற்கரை வாரியாக இதன் ஆபத்தைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று வெளியிடுகிறது. காலைக் காப்பியோடு அதைப் பார்த்துவிடுங்கள். லைஃப்கார்ட் இருக்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள், நாக்ஸ் ஹெட்டில் கோடையில் இருப்பார்கள். சிவப்புக் கொடி பறந்தால் கால் நனைப்பதற்குக்கூடப் பெண்ணைத் தனியாக விடாதீர்கள்.

காற்றையும் கவனியுங்கள். ஜூலையில் தென்மேற்குக் காற்று சில நாள் தொடர்ந்து அடித்தால் மேல்தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிவிடும், அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். வெயில் கொளுத்தும் நாளில் கடல் பனிக்கட்டி மாதிரி இருப்பது இதனால்தான். மேற்குக் காற்று என்றால் கடிக்கும் ஈக்கள் கடற்கரைக்கு வந்துவிடும். அந்த மாதிரி நாளில் கடலோடு மல்லுக்கட்டாமல் ரைட் சகோதரர்கள் நினைவிடத்துக்குப் போய்விடுங்கள், நாக்ஸ் ஹெட்டிலிருந்து பக்கம்தான்.

ஒஹாயோவிலிருந்து அந்த இருவரும் இங்கே வந்ததே காற்றுக்காகவும் விழுந்தால் தாங்கும் மணலுக்காகவும்தான். 1903 டிசம்பர் 17 அன்று நான்கு முறை பறந்தார்கள். முதல் முறை 12 விநாடியில் 120 அடி, நான்காவது முறை 59 விநாடியில் 852 அடி. ஒவ்வொன்றும் இறங்கிய இடத்தில் கல் நட்டிருக்கிறார்கள். பிள்ளைகளை முதல் கல் வரை ஓடவிட்டு 12 எண்ணுங்கள். பையன் விமானத்தை ஜெயித்துவிடுவான்! நிழல் குறைவு, அதனால் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். நினைவுத் தூண் நிற்கும் 90 அடிக் குன்றில் அம்மா ஏற வேண்டியதில்லை, கார் சாலை குன்றைச் சுற்றிப் பின்பக்கம் வரை போகிறது.

அந்தக் குன்று ஒரு காலத்தில் நகர்ந்துகொண்டிருந்த மணல், புல் நட்டு நிறுத்தினார்கள். நிறுத்தாமல் விட்டால் எப்படியிருக்கும் என்பதற்கு ஜாக்கிஸ் ரிட்ஜ் சாட்சி. அட்லாண்டிக் கரையிலேயே உயரமான உயிருள்ள மணல்மேடு, இன்றும் நகர்கிறது. ஒரு மினி கால்ஃப் மைதானத்தையே விழுங்கியிருக்கிறது, அதிலிருந்த கோட்டையின் தலை அவ்வப்போது வெளியே தெரியும். 1973இல் இந்த மணல்மேட்டை இடிக்க வந்த புல்டோசருக்கு முன்னால் கரோலிஸ்டா பாம் என்ற பெண்மணி போய் நின்றார். 1975இல் பூங்கா ஆனது. அனுமதி இலவசம். பகலில் போகாதீர்கள், மணல் காற்றைவிட 30 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சூடாக இருக்கும். மாலை ஆறரைக்கு மேல் போய், வாசல் மூடும் நேரத்தைப் பலகையில் பார்த்துக்கொண்டு ஏறுங்கள். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயலில் இறங்கும் சூரியன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மரப்பலகை நடைபாதை இருக்கிறது, அதன் முனையிலிருந்தே மேடு முழுக்கத் தெரியும். மூன்று நாளில் ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒக்ரகோக் நாளுக்கு ஆறரைக்கே கிளம்புங்கள். ஹட்டராஸிலிருந்து போகும் கார் ஃபெர்ரி இலவசம், பயணம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஜூலையில் தாமதமாகப் போனால் வரிசையிலேயே இன்னொரு ஃபெர்ரி நேரம் போய்விடும். வழியில் ஹட்டராஸ் கலங்கரை விளக்கம் வரும். கடல் அரித்துக்கொண்டே வந்ததால் அந்த 1870ஆம் ஆண்டுச் செங்கல் கோபுரத்தை 1999இல் அப்படியே 2,900 அடி உள்ளே நகர்த்தினார்கள். சீரமைப்பு வேலைக்காக ஏறுவதை மூடி வைத்திருக்கிறார்கள். ஏற ஆசைப்பட்டால் நாக்ஸ் ஹெட்டுக்குப் பக்கத்திலேயே பாடி தீவுக் கலங்கரை விளக்கம் இருக்கிறது, 214 படி. 42 அங்குல உயரம் இல்லாத குழந்தையை விடமாட்டார்கள், அதனால் சின்னவளை வீட்டிலேயே அளந்துவிடுங்கள். ஹட்டராஸ் போகும் சாலையில் ரொடாந்தே என்ற ஊரில் கடல் பல வீடுகளை இழுத்திருக்கிறது. அங்கே மணலில் ஆணி இருக்கலாம், செருப்போடு நடங்கள்.

ஒக்ரகோக்கில் மாலை மூன்றுக்குள் திரும்பும் வரிசையில் நில்லுங்கள். அந்தி சாய்ந்தால் கொசு பிடுங்கிவிடும்.

அப்பாவுக்கு மீன் பிடிக்க ஆசையிருந்தால், 16 வயது நிரம்பியவர்கள் கரையிலிருந்து தூண்டில் போட உரிமம் வேண்டும். நாக்ஸ் ஹெட்டில் ஜெனட்ஸ் பியர் என்ற 1,000 அடிப் பாலத்தில் மீன்பிடிச் சீட்டு வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை.

ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனால் வெளிர் நிற நண்டுகள் பக்கவாட்டில் பறக்கும், குழந்தைகள் கத்திக் கொண்டாடுவார்கள். ஆனால் அது ஆமை முட்டையிடும் காலம். வெளிச்சத்தைத் தரையிலேயே வையுங்கள், பகலில் தோண்டிய பள்ளத்தை மூடிவிட்டு வாருங்கள்.

கடைசியாக, சனிக்கிழமை போகாதீர்கள். வாடகை வீடுகள் பெரும்பாலும் அன்றுதான் கைமாறும், பாலத்தில் கார்கள் ஊரும். தேங்காய், கறிவேப்பிலை, இட்லி மாவு எல்லாம் கேரியிலேயே வாங்கி ஐஸ் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.