கியூபன் சாண்ட்விச்: உணவியலாளரின் பதில்கள்

கேள்வி: இது கியூபாவில் பிறந்ததா, அமெரிக்காவிலா?

பதில்: ஹாம் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடை இறைச்சி), வறுத்த பன்றியிறைச்சி, சுவிஸ் பாலாடைக்கட்டி, ஊறவைத்த வெள்ளரி, கடுகு விழுது ஆகியவற்றை ரொட்டிக்குள் வைத்துச் செய்வதே கியூபன் சாண்ட்விச். ரொட்டிக்குள் பன்றியிறைச்சி வைத்து உண்ணும் வழக்கம் கியூபாவில் உண்டு. ஆயினும் இன்று நாம் அறிந்த வடிவத்தை வளர்த்ததில், விசென்டே மார்ட்டினெஸ் இபோர் 1885இல் ஃபுளோரிடாவின் டாம்பா அருகே நிலம் வாங்கி எழுப்பிய இபோர் சிட்டியின் சுருட்டுத் தொழிலாளர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. கியூபரும் ஸ்பானியரும் இத்தாலியின் சிசிலித் தீவினரும் அருகருகே வாழ்ந்த ஊர் அது. அங்கு 1915இல் தொடங்கிய லா செகுண்டா ரொட்டிக்கூடத்தில் இன்றும் மாவின்மேல் குறும்பனை ஓலைக் கீற்றை வைத்துச் சுடுகிறார்கள். அந்தக் கோட்டிலேயே ரொட்டி வெடித்து மலரும்.

கேள்வி: சத்து எப்படி?

பதில்: புரதம் தாராளம். 28 கிராம் சுவிஸ் பாலாடைக்கட்டியிலேயே சுமார் 8 கிராம் புரதமும் 200 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் கிடைக்கும். நார்ச்சத்து குறைவு, ரொட்டி வெள்ளை மாவில், பன்றிக்கொழுப்புச் சேர்த்துச் செய்யப்படுவது. என் கவலை உப்பைப் பற்றியது. 100 கிராம் ஹாமில் ஏறத்தாழ 1 கிராம் சோடியம் இருக்கும்; நாள் முழுவதற்கும் 2 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறவைத்த வெள்ளரியும் கடுகு விழுதும் அதற்குமேல் சேர்கின்றன.

கேள்வி: எத்தனை கலோரி?

பதில்: ரொட்டியின் நீளத்தையும் இறைச்சியின் எடையையும் சொல்லாமல் ஒரே எண்ணைத் தர இயலாது.

கேள்வி: சலாமி (உப்பிட்டு உலர்த்திய இத்தாலிய இறைச்சி) வைத்தால் அது கியூபன் ஆகுமா? மயாமியில் வைப்பதில்லையே.

பதில்: ஆகும். 1959க்குப் பின் பெருந்திரளாக வந்த கியூப அகதிகள் தங்கள் ஊர்ப் பழக்கத்தையே மயாமியில் தொடர்ந்தார்கள். டாம்பாவிலோ சிசிலிய அண்டைவீட்டாரின் சலாமி முன்பே ரொட்டிக்குள் நுழைந்திருந்தது. 2012இல் டாம்பா நகர மன்றம் சலாமியுள்ள வடிவத்தையே தன் நகரின் அடையாள உணவாக அறிவித்தது.

கேள்வி: நகர மன்றம் அறிவித்தால் கலப்படம் மரபாகிவிடுமா?

பதில்: மன்றத்தால் அது மரபாகவில்லை, ஒரே ஆலையில் சுருட்டுச் சுற்றியவர்கள் பகிர்ந்து உண்டதால் ஆயிற்று. அதைக் கலப்படம் என்பது அந்தத் தொழிலாளர்களின் வாழ்வையே மறுப்பதாகும். ஆனால் சலாமியில் சோடியம் ஹாமைவிட அதிகம். மரபு என்பதற்காக உப்பை மறக்காதீர்கள்.

கேள்வி: கலோரி எவ்வளவு என்று சொல்லவில்லையே?

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எனக்கு இரத்த அழுத்தம் உண்டு. மாத்திரையைக் கூட்டிக்கொண்டு உண்ணலாமா?

பதில்: கூடாது. மாத்திரையின் அளவை உங்கள் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: இறைச்சியை நீக்கினால்?

பதில்: உப்பு வெகுவாகக் குறையும். வெள்ளரியைக் கழுவி வையுங்கள்.